காலியாயிருக்கும் இடமும் நம் மகளிரும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

25 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓலைக் கொட்டகையில், ஒற்றை விளக்கின் கீழ் இரவுப் பாடசாலையாகத் தொடங்கியது நம் கல்விச் சங்கம். அக்கொட்டகையில் தரையில் அமர்ந்து படித்தவர்களுள் சிலர் இன்று பட்டதாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் இவ்வரங்கில் வீற்றிருக்கக் காண்கிறோம். முன்னர்ப் பேசிய பெரியோர்கள் இவ்வளர்ச்சியைப் பாராட்டினர். அப்பாராட்டு முற்றிலும் தகும். ஆயினும், செய்தவற்றை எண்ணி மகிழும் இந்நாளில், செய்யத் தவறிய ஒன்றையும் உங்கள் முன் வைப்பது எங்கள் கடமை எனக் கருதுகிறோம். அரசு அமைக்கும் குழுக்களில் நம் மகளிர்க்கென உள்ள இடங்கள் காலியாகவே கிடக்கின்றன என்பதே அது.

குழு என்றதும் நம்மவருள் பலர் முகம் சுளிப்பதுண்டு. தேநீர் அருந்தி, பிஸ்கட் தின்று, கையெழுத்திட்டுத் திரும்பும் கூட்டம் அது என்பர். ஆலோசனை கூறும் இடத்தில் அமர்ந்து என்ன பயன், ஆணையிடும் அதிகாரம் அதற்கு ஏது என்றும் கேட்பர். இக்கேள்விக்கு விடை நம் வரலாற்றிலேயே உள்ளது.

மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தவர். நம் ஸ்ரீபெரும்புதூரும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1923-ஆம் ஆண்டு அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். வாக்குகள் பெற்று அவர் அங்குச் செல்லவில்லை. அரசு அவரை நியமித்தது. நியமன உறுப்பினர்தானே என்று அவர் வாளாவிருந்திருக்கலாம். ஆனால் 1924-ஆம் ஆண்டு அவர் கொணர்ந்த தீர்மானமே பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் பொதுக் கட்டிடங்களிலும் நம் மக்களுக்கும் உரிமை உண்டென்பதை அரசின் ஏட்டில் ஏற்றியது. ஒருவர் அமர்ந்த ஓர் இடம் அது. அவ்விடம் அன்று காலியாக இருந்திருப்பின் அத்தீர்மானத்தைக் கொணர்ந்திருப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

மகளிர்க்கும் முன்மாதிரி நம்மிடம் உண்டு. 1904-ஆம் ஆண்டு ரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் அவர்கள் சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தார். கௌரவ நீதிபதியாக அமர்ந்து வழக்குகளை விசாரித்தார். பல்கலைக்கழகப் பேரவையில் இடம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் புனரமைப்புப் பணிகளுக்கென அமைந்த குழுவிலும் உறுப்பினரானார். நம் குலத்துப் பெண் ஒருவர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இத்தனை இடங்களில் அமர்ந்திருக்க, இன்று அவர்தம் பேத்திமார்க்குரிய இடங்கள் வெறுமையாய் இருப்பது நமக்கு அழகாகுமா?

காலியிடம் இருவகைப்படும். பிறர் தடுப்பதால் காலியாவது ஒன்று. நாம் செல்லாமையால் காலியாவது மற்றொன்று. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் ஊராட்சித் தலைவர் பதவி 1996-ஆம் ஆண்டு ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு அளிக்கவிடாமலும், வென்றவரை உடனே விலகச் செய்தும் 10 ஆண்டுகள் அவ்விடங்களை வெறுமையாக்கினர் ஆதிக்கச் சாதியினர். 2006-ஆம் ஆண்டுதான் அங்கு முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் அமர்ந்தனர். அவ்வகை வெறுமையை எதிர்த்துப் போராட நாம் அறிவோம். இரண்டாம் வகையோ நம் கண்ணுக்கே புலப்படுவதில்லை. எவரும் தடுக்காத நாற்காலி காலியாயிருந்தால் எவரை எதிர்த்து முழக்கமிடுவது?

நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய குழு ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 1992-ஆம் ஆண்டு இராஜஸ்தானத்தில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி என்னும் ஏழைப் பெண், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கொடுமைக்கு ஆளானார். அதன் தொடர்ச்சியாக எழுந்த வழக்கில் 1997-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அவற்றின் வழியே 2013-ஆம் ஆண்டு பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் இடங்களில் நிறுவனமே உள்ளகக் குழு அமைத்தல் வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், வீட்டு வேலை செய்வோர்க்கும், முதலாளியின் மீதே புகார் கூற வேண்டியவர்க்கும் மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு ஒன்று இருத்தல் வேண்டும். அக்குழுவில் நியமிக்கப்படுவோருள் ஒருவரேனும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு, சிறுபான்மை ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்ந்த பெண்ணாக இருத்தல் வேண்டும் என்று சட்டமே கூறுகிறது.

சட்டம் வந்து பத்தாண்டுகள் கழிந்தும் பல மாவட்டங்களில் இக்குழுக்கள் ஏட்டளவிலேயே இருந்தன. 2023-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்நிலையைக் கண்டு வருந்தியது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறுப்பு அலுவலரை நியமித்து, 2025 ஜனவரி 31-க்குள் உள்ளூர்க் குழுக்களை அமைக்குமாறு ஆணையிட்டது. இடங்களை நிரப்புமாறு நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று.

இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரை வரிசையாக ஆலைகள் எழுந்துள்ளன. கார்களும் கைப்பேசிகளும் இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. பெரிய ஆலையின் வாயிலில் காவலும் கண்காணிப்பும் உண்டு. ஆனால் அவ்வாலைகளைச் சுற்றி எத்துணைச் சிறு பட்டறைகள், சமையற்கூடங்கள், சலவைக் கூடங்கள், ஒப்பந்தக்காரர் கொட்டகைகள்! நம் பெண்களுள் பெரும்பாலோர் அங்கல்லவோ உழைக்கின்றனர்? 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், சுங்குவார்சத்திரம் கைப்பேசி ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றதைக் கண்டு கொதித்துச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். தங்கள் குறையை அமர்ந்து பேசத் தக்க இடம் ஒன்று இருந்திருப்பின், மார்கழிப் பனியில் சாலையில் அமர வேண்டிய நிலை அவர்களுக்கு ஏன் வந்திருக்கும்?

இனி எங்கள் தவறுக்கு வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, பள்ளி விட்டு மாணவர் வெளியேறிக் கொண்டிருந்த நேரம். அலுவலகம் ஒன்றிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. குழு மாற்றி அமைக்கப்படுகிறது, ஆதிதிராவிடப் பெண் ஒருவர் பெயர் தேவை, நாளை பிற்பகலுக்குள் தன்விவரக் குறிப்பும் சாதிச் சான்றின் நகலும் இசைவுக் கடிதமும் வேண்டும் என்றார் பேசியவர். நாங்கள் சங்கப் பொறுப்பாளர் நால்வரைக் கலந்தோம். நால்வரும் ஆடவர். அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் பெயர் எழுந்தது. மேலிட அனுமதி பெற வேண்டுமே என்று விட்டோம். பொறுப்பாளர் ஒருவர் தம் துணைவியார் பெயரைச் சொன்னார். அவ்வம்மையாரிடம் சென்று கேட்டோம். "எனக்கு என்ன சார் தெரியும்? பெரிய ஆபீசருங்க முன்னாடி நான் என்ன பேசுவேன்? வேற யாரையாவது போடுங்க சார்" என்று கூறி உள்ளே சென்றுவிட்டார். மறுநாள் பிற்பகலும் கடந்தது. நாங்கள் எப்பெயரும் அனுப்பவில்லை. எங்களை மீண்டும் எவரும் அழைக்கவுமில்லை.

ஐந்து மாதங்கள் கழித்து எங்கள் பழைய மாணவி ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். ஆலைகளுக்கு உணவு அனுப்பும் சிறு சமையற்கூடம் ஒன்றில் வேலை செய்து வந்தாள். அங்கு மொத்தம் 7 பேர். முதலாளியே அவளிடம் தகாத முறையில் நடந்திருக்கிறார். எங்குச் சொல்வது என்று கேட்க அவளுக்குத் தெரிந்த இடம் தான் படித்த பள்ளி ஒன்றே. நாங்களே மனு எழுதிக் கொடுத்தோம். மனுவைப் பெற்றுக்கொண்டவர்கள், குழுவில் உறுப்பினர் இன்னும் நிரம்பவில்லை, நிரம்பியதும் அழைப்போம் என்று கூறி அனுப்பினர். அவள் மூன்று முறை சென்று வந்தாள். நான்காம் முறை செல்லவில்லை. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் அவள் குடும்பத்துக்குச் சிறு தொகையல்ல. அவ்வேலையையும் விட்டுவிட்டாள். அவள் தந்தையார் இன்றும் எங்களைக் கண்டால் துண்டை எடுத்து வணக்கம் சொல்கிறார். அவ்வணக்கத்தை ஏற்கும்போதெல்லாம் எங்கள் தலை தாழ்கிறது.

அந்த இடம் நிரம்பாமைக்கு அலுவலகம் ஒரு காரணம். ஒருநாள் அவகாசத்தில் பெயர் கேட்பது முறையன்று. ஆயினும் 25 ஆண்டுகள் கல்விப் பணி செய்த சங்கத்திடம் ஒரு பெண்ணின் பெயர் ஆயத்தமாக இல்லையெனின், அக்குறை எம்முடையதே.

இதன்பின் வந்த குடியரசு நாளில் பெற்றோர்களைப் பள்ளிக்கு அழைத்திருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டியார் வந்திருந்தார். புடவையின் மேல் பதக்கங்களைக் குத்தியிருந்தார். கொடி ஏறியபோது அவர் விறைத்து நின்று அடித்த சல்யூட்டைக் கண்டு மாணவர்கள் வியந்தனர். விசாரித்தோம். மத்திய ரிசர்வ் போலீஸ் படை 1986-ஆம் ஆண்டு தொடங்கிய முதல் மகளிர் பட்டாலியனாகிய 88-ஆவது பட்டாலியனில் அவர் பணியாற்றியவர். பணி ஓய்வுக்குப் பின் எங்கள் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளியே ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருந்தார். இந்தி பேசத் தெரிந்ததால் அவரை 'டெல்லியம்மா' என்று தெருவில் அழைத்தனர். அதற்கு மேல் எவரும் எதுவும் அறியவில்லை. "ஏன் அம்மா, எங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லையே?" என்று கேட்டோம். "யாரும் கேக்கலையே சார். உங்க பாரத்துல அப்பா தொழில் எழுத ஒரு கட்டம் இருக்கு, அம்மா தொழில் எழுத ஒண்ணு இருக்கு. பாட்டி தொழில் எழுதக் கட்டம் இல்லையே" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கேட்காமையால் அறியாதிருத்தல் நமக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க நாட்டில் 1980-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான், நீங்கள் படையில் பணிபுரிந்ததுண்டா என்னும் கேள்வியைப் பெண்களிடம் முதன்முறையாகக் கேட்டனர். ஆம் என்று விடையளித்தோர் 12 இலட்சம் பேர். இத்தனை பெண்கள் தங்கள் நடுவே இருப்பதை அதுவரை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று ஆண்டுகளில், 1983-இல், முன்னாள் படைவீராங்கனைகளுக்கென ஆலோசனைக் குழு ஒன்றைச் சட்டத்தின் வழி ஏற்படுத்தினர். அக்குழுவில் இடம் காலியாகும்போது அரசிதழில் அறிவித்துப் பொதுமக்களிடம் பெயர் கோருவதையும் வழக்கமாக்கினர். முதலில் கேள்வி, பின்னர்க் கணக்கு, அதன்பின் குழு என்னும் அவ்வரிசை நாம் கற்றுக்கொள்ளத் தக்கது.

நம் நாட்டிலும் சீருடை அணிந்த மகளிர் பெருகி வருகின்றனர். நமக்கு அண்மையிலுள்ள பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 1992-ஆம் ஆண்டு முதல் பெண்கள் பயிற்சி பெறுகின்றனர். 2007-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் பணிக்காக முழுதும் மகளிரே அடங்கிய காவற்பிரிவு இந்தியாவிலிருந்து லைபீரியாவுக்குச் சென்றது. 2020-ஆம் ஆண்டு பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணியுரிமை உண்டென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021-ஆம் ஆண்டு இராணுவக் காவற்பிரிவில் முதல் மகளிர் அணி சேர்ந்தது. இவர்கள் எல்லாரும் ஒருநாள் ஊர் திரும்புவர். அவர்களுள் நம் காலனிப் பெண்களும் இருப்பர். கோப்பு எப்படி நகரும், உயர் அலுவலர் முன் எப்படி நிற்பது, ஆணையை எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் வாழ்நாளெல்லாம் கற்றவர்கள் அவர்கள். மத்திய ஆயுதக் காவல் படையினர், இராணுவத்தினர்க்குரிய முன்னாள் படைவீரர் பட்டியலில் அடங்குவதில்லை. 2012-ஆம் ஆண்டுதான் அவர்களுக்கெனத் தனிப் பெயர் ஒன்றை மத்திய அரசு வழங்கியது. எந்தப் பட்டியலிலும் எளிதில் அகப்படாத இவர்களை நாமே தேடிக் கண்டால்தான் உண்டு.

அடுத்த முறை குழுவுக்குப் பெயர் கோரப்பட்டபோது நாங்கள் மூன்று பெயர்களை உரிய சான்றுகளுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். டெல்லியம்மாவின் பெயர் அவற்றுள் ஒன்று. நியமனம் பெற்றவர் அவரல்லர். நம் சங்கத்தின் தையல் ஆசிரியை. மகிழ்ந்தோம். முதற்கூட்டத்துக்குச் சென்று திரும்பியவரிடம் ஆவலுடன் விசாரித்தோம். "ஒரு நோட்டுல கையெழுத்துப் போடச் சொன்னாங்க சார், போட்டுட்டு வந்துட்டேன்" என்றார். இடம் நிரம்பியது, ஆயினும் வாய் திறவாத உறுப்பினர் அமர்ந்த இடமும் ஒருவகையில் காலியிடமே என்பதை அன்று உணர்ந்தோம். இரண்டாம் கூட்டத்துக்கு முன் டெல்லியம்மா அவரை நான்கு மாலைகள் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்திப் பயிற்றினார். படிக்காமல் கையெழுத்திடாதே, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்கு, ஒப்பாத ஒன்றை ஒப்பவில்லை என்று எழுதி வைக்கச் சொல், புகார் கொடுத்தவள் பெயரை வெளியில் உன் வீட்டாரிடமும் சொல்லாதே என்பனவே பாடங்கள். கடைசிப் பாடம் சட்டம் விதிப்பதுமாகும். இரண்டாம் கூட்டத்தில் தையல் ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: நிலுவையிலுள்ள மனுக்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எந்த நாளில் வந்தது என்று. விடை தேட அரைமணி நேரம் ஆயிற்றாம்.

அக்கேள்வியின் அருமை சட்டத்தை அறிந்தோர்க்குப் புரியும். நிகழ்ச்சி நடந்த 3 மாதங்களுக்குள் புகார் அளித்தல் வேண்டும். தக்க காரணம் இருப்பின் குழு மேலும் 3 மாதங்கள் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாட்களில் முடிதல் வேண்டும். நாளை எண்ணும் சட்டம் இது. குழு காலியாயிருக்கும் ஒவ்வொரு மாதமும் எங்கோ ஒருத்தியின் கணக்கில் கழிகிறது.

ஆதலின் வெள்ளி விழா காணும் நம் சங்கம் மேற்கொள்ள வேண்டியனவாக நான்கினைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, மகளிர் பெயர்ப் பதிவேடு. ஓய்வு பெற்ற செவிலியர், காவலர், படையினர், ஆசிரியை, தொழிற்சங்கத்தில் பழகியவர், சுய உதவிக் குழுவில் கணக்கெழுதியவர் என வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதுதல் வேண்டும். ஒவ்வொருவரின் தன்விவரமும் சான்றுகளும் இசைவுக் கடிதமும் முன்கூட்டியே கோப்பில் இருக்கட்டும். ஒருநாள் அவகாசம் தந்தாலும் ஒருமணி நேரத்தில் பெயர் செல்ல வேண்டும்.

இரண்டாவது, குழுக்களின் கால அட்டவணை. உள்ளூர்ப் புகார்க் குழு உறுப்பினர் பதவி 3 ஆண்டுகளுக்கு மேற்படாதது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி அமையும் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவில் அரசு அலுவலர் அல்லாத பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் 5 பேர் வரை இடம் பெறலாம். அக்குழு 3 மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூடுதல் வேண்டும். எந்தக் குழுவின் காலம் என்று முடிகிறது, எத்தனை இடம் காலி, எத்தனை முறை கூடிற்று என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். 30 நாட்களில் விடை வர வேண்டும். பெயர் கேட்டு வரும் வரை காத்திராமல், காலம் முடியுமுன்பே மாவட்ட ஆட்சியர்க்கு நாமே எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, பயிற்சி. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் சரிபாதி பெண்கள் உள்ளனர். தாய்மார்கள் அங்கேயே பேசிப் பழகட்டும். கூட்டத்தில் அவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பிய தலைமையாசிரியர்களுள் நாங்களும் சேர்ந்தவர்களே. அவ்வழக்கத்தை விட்டுவிட்டோம் என்பதை இவ்வவையில் உறுதி கூறுகிறோம்.

நான்காவது, கூலி ஈடு. உள்ளூர்ப் புகார்க் குழு உறுப்பினர்க்கு 2013-ஆம் ஆண்டு விதிகள் நாளொன்றுக்கு 200 ரூபாய் படியும் பயணச் செலவும் அளிக்கின்றன. ஒரகடத்திலிருந்து காஞ்சிபுரம் சென்று திரும்பும் உழைக்கும் பெண்ணுக்கு ஒருநாள் கூலி போய்விடும். அந்த இழப்பைச் சங்கம் ஈடு செய்யுமாயின், வசதி படைத்தோர் மட்டுமே குழுவில் அமரலாம் என்னும் நிலை மாறும். விழா மலருக்கு விளம்பரம் திரட்டிய நம்மால் இச்சிறு நிதியைத் திரட்ட இயலாதா?

தாய்மார்களே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை எவரேனும் உங்கள் வாயிலில் வந்து, குழுவுக்குப் பெயர் கொடுங்கள் என்று கேட்டால், எனக்கென்ன தெரியும் என்று உள்ளே செல்லாதீர்கள். ஆலையின் உணவுக்கூடத்தில் நடப்பது உங்களுக்குத் தெரியும். இரவுப் பணி முடிந்து பேருந்தில் வரும் பெண் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அக்குழுக்களுக்கு வேண்டிய அறிவு அதுவே. மற்றவற்றைத் திண்ணையில் அமர்ந்து நான்கு மாலைகளில் கற்றுவிடலாம். கற்பிக்க ஆள் இருக்கிறார்.

பெயர்ப் பதிவேட்டுக்கென ஒரு குறிப்பேடு வாங்கி, முதற்பக்கத்தில் டெல்லியம்மாவின் பெயரை எழுதி, இம்மேடையில் சங்கச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறோம். எஞ்சிய பக்கங்களை நீங்கள் நிரப்ப வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறோம்.